வேலியோரப் பூவுக்கு 150 வெள்ளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், பழைய சாமான் கடையில் நேற்று ஒரு செம்பருத்திப் படம் கிடைத்தது. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இயந்திரத்தில் வண்ணம் அச்சடித்தால் தெரியும் சின்னப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஓர் இதழில் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளம் விரலில் தட்டுப்படுகிறது.

1787இல் லண்டனில் வில்லியம் கர்ட்டிஸ் தொடங்கிய தாவரவியல் சஞ்சிகையில் 1948 வரைக்கும் இப்படிக் கையால்தான் வண்ணம் தீட்டினார்களாம். ஒரே பூவைத் திரும்பத் திரும்ப, கூலிக்கு. நம்ம பாட்டி விடியலில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டின மாதிரிதான்.

அம்மாவிடம் காட்டினேன். "வேலியில பூத்துக் கொட்டுது, இதுக்குப் போயி காசு கொடுத்தியா?"

50 வெள்ளி என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க!