சான் ஹுவான் சாமுலா: பெஞ்சு இல்லாத தேவாலயம்

மெக்சிகோவின் தெற்கே, சியாபாஸ் மாநில மலைகளில் இருக்கிறது சாமுலா என்ற ஊர். சான் கிறிஸ்டோபால் நகரத்துச் சந்தைப் பக்கத்திலிருந்து ஷேர் வேன் ஏறினால் 10 கிலோமீட்டர், அரை மணி நேரப் பயணம். ஊர் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஸ்வெட்டர் வேண்டும். ஞாயிறு சந்தை நாள். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாளில் போகலாம், ஆனால் வழிபாடு களைகட்டுவது ஞாயிறன்றுதான்.

நுழைவுச் சீட்டு வாங்கி, தொப்பியைக் கழற்றி, போனைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் தேவாலயத்துக்குள் போக வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஒளித்து எடுத்துச் சிக்கினால் ஊர்க் காவலர்கள் விடமாட்டார்கள். ‘சும்மா ஒண்ணே ஒண்ணு’ என்ற பேச்செல்லாம் எடுபடாது.

வெளியே வெள்ளைச் சுவர், பச்சை வளைவு வாசல். உள்ளே பெஞ்சு ஒன்றுகூடக் கிடையாது. தரை முழுக்கப் பைன் ஊசியிலை, சாம்பிராணி போல எரிக்கும் ‘கோபால்’ (copal) மரப்பிசினின் புகை. இரு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகளில் புனிதர்கள், பல சொரூபங்களின் மார்பில் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கும். நடுப்பீடம் இயேசுவுக்கு அல்ல, அவருக்குத் திருமுழுக்கு கொடுத்த ஸ்நாபக அருளப்பருக்கு; ஊர்ப் பெயரில் உள்ள ‘சான் ஹுவான்’ இவர்தான். அருளப்பர் திருவிழா ஜூன் 24.

1524இல் ஸ்பானியப் படை இந்த ஊரைத் தாக்கிப் பிடித்தது. பின்னால் தோமினிக்கன் சபைத் துறவிகள் கத்தோலிக்க மறையைக் கொண்டுவந்தார்கள். சோட்சில் மொழி பேசும் இவ்வூர் மாயா பழங்குடி மக்கள் அதை வாங்கித் தங்கள் உலகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்: கிறிஸ்துவே சூரியன், மரியாளே சந்திரன். பச்சைச் சிலுவைகளில் பைன் கிளை கட்டியிருப்பதைப் பாருங்கள். மாயாக்களிடம் சிலுவை வடிவம் ஸ்பானியர் வருமுன்பே இருந்தது. இதை ‘அரைகுறைக் கத்தோலிக்கம்’ என்று கைகாட்டுபவர்கள் ஐந்து நிமிடம்கூட அங்கே நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

நோய் தீர்க்கும் சடங்குதான் இங்கே முக்கியம். நடத்துபவர் பாதிரியார் அல்ல, ‘இலோல்’ எனப்படும் வைத்தியர், பெரும்பாலும் பெண். நாடி பிடித்துப் பார்த்து, என்ன நிற மெழுகுவர்த்தி, எத்தனை என்று அவர் சொல்வார். குடும்பத்தார் ஊசியிலையை ஒதுக்கிவிட்டு, மெழுகை உருக்கிச் சொட்டி, மெல்லிய வர்த்திகளை வரிசையாகத் தரையில் ஒட்டுவார்கள். பிறகு முழந்தாளிட்டு சோட்சிலில் ஜெபம். முட்டையையோ கோழியையோ நோயாளியின் உடம்பெங்கும் தடவுவார்கள். கோழியானால் கழுத்தை அங்கேயே திருகிவிடுவார்கள். கரும்புச் சாராயமான ‘போஷ்’ சுற்றி வரும். கூடவே கோகோ கோலா. குடித்து ஏப்பம் விட்டால் கெட்டது வெளியேறும் என்பது நம்பிக்கை. பயணிகள் சிரிப்பதும் இந்த இடத்தில்தான், சிரிக்காதீர்கள்.

வந்தவர்கள் வழக்கமாகத் தப்பு செய்வது நடப்பதில். வர்த்தி வரிசைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் இருக்கும் காலியிடம் வழி அல்ல. அதில் குறுக்கே போனால் ஜெபத்தை அறுத்த மாதிரி. ஊசியிலை வழுக்கும், காலால் தள்ளினால் சுடருக்குள் போகும். தரை உரசும் பாவாடை, நீண்ட துப்பட்டா வேண்டாம். சுவரோரமாகவே நடந்து, பின்னால் நில்லுங்கள். வர்த்தி எரிந்து முடிந்ததும் ஊழியர்கள் தகடு கொண்டு மெழுகைச் சுரண்டி எடுப்பார்கள், அடுத்த குடும்பம் அங்கேயே மண்டியிடும்.