கழுதை இன்னும் பெத்லகேம் போய்ச் சேரவில்லை

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, பிள்ளைகளைத் தூங்க வைக்கிறேன் பேர்வழி என்று சாண்டா கதையை எடுத்தது என் தப்புதான். வண்டி கூரைமேல் வந்து இறங்குகிறது, மான்கள் குளம்பைத் தட்டுகின்றன என்று நானும் உற்சாகமாகக் கட்டிலைத் தட்டித் தட்டிச் சொல்ல, நாலு வயசுக்காரி போர்வையை உதறிவிட்டு எழுந்து ஜன்னலில் போய் நின்றுகொண்டாள். மணி பதினொன்று வரைக்கும் அங்கேதான். ஏழு வயசுக்காரன் தன் பங்குக்கு, மான் எட்டா ஒன்பதா என்று என்னோடு சண்டைக்கு நின்றான்.

அவன் கேட்டதும் நியாயம்தான். எட்டு மான் பூட்டின வண்டியைப் பிரபலமாக்கியது 1823-ல் ஓர் அமெரிக்கச் செய்தித்தாளில் பெயர் போடாமல் வந்த கவிதை. சிவப்பு மூக்குள்ள ஒன்பதாவது மான், 1939-ல் ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்த குட்டிப் புத்தகத்தில்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பழைய கவிதையிலேயே வீட்டில் எல்லாரும் தூங்கும்போது அப்பா மட்டும் வெளியே சத்தம் கேட்டுப் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறார். என் மகள் செய்ததும் அதைத்தானே! இதைக் கேட்டால் குழந்தை தூங்கும் என்று நான் எப்படி நினைத்தேனோ.

மறுநாள் ராத்திரி ஜாக்கிரதையாக, அமைதியான கதையாக இருக்கட்டும் என்று ஆண்டர்சனின் தீக்குச்சி விற்கும் சிறுமியை எடுத்தேன். அது இன்னும் பெரிய தப்பு. 1845-ல் வந்த கதை. சின்ன வயசில் எப்போதோ கேட்டதில் பனியும் வெளிச்சமும் பாட்டியும் மட்டும்தான் என் நினைவில் நின்றிருந்தன, அந்தப் பெண் குளிரில் செத்துப்போவது பாதி கதை தாண்டின பிறகுதான் சுரீரென்று ஞாபகம் வந்தது. (அது கிறிஸ்துமஸ் ராத்திரி கதைகூட இல்லை, வருஷக் கடைசி ராத்திரியில் நடப்பது.) அவசர அவசரமாக ஒரு அத்தையை வரவழைத்துப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். "அம்மா, அந்த அத்தை முதல்லயே ஏன் வரலை?" என்று சின்னவள் கேட்டாள். பதில் இல்லை. நல்ல கதைதான், ஆனால் பத்து வயசுக்கு மேல், பகலில், பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்போது சொல்ல வேண்டிய கதை.

அதற்கப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், இப்போது வாயாலேயே சொல்வதுதான். எங்கள் வீட்டில் எடுபடுவது கழுதை கதை. இயேசுவைப் பெற்றெடுக்கப் போகிற மரியாளைச் சுமந்துகொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் கழுதை. நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம், எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் இழுக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் கழுதை யாரையாவது பார்த்து "உனக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்கும். ஆடு "வருது" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். ஆந்தை மட்டும் "வரலை" என்று சொல்லும். அவ்வளவுதான் கதை, வேறு ஒன்றும் நடக்காது. நடக்கவும் கூடாது.

வார்த்தையை மட்டும் மாற்றக் கூடாது. நேற்று ஆட்டுக்கு முன்னால் ஒட்டகத்தைக் கொண்டு வந்துவிட்டேன், அரைத் தூக்கத்திலிருந்தவள் கண்ணைத் திறக்காமலே "ஆடும்மா முதல்ல" என்றாள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில்தான் அவளுக்கு அத்தனை நிம்மதி. குரலை மட்டும் ஆட்டுக்கு ஆடு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வருவேன், வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு விட்டுக்கொள்வேன், சில நாள் நானே முதலில் தூங்கிப்போனதும் உண்டு.

பெரியவனுக்கு இது போதாது, அவனுக்குத் தகவல் வேண்டும். ஒரு நாள் பைபிளில் இயேசு பிறந்த கதையைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல கழுதையே இல்லையே" என்றான். நிஜம்தான். கழுதையும் இல்லை, மாடும் இல்லை, இடமில்லை என்று கதவைச் சாத்தும் சத்திரக்காரரும் இல்லை. சத்திரத்தில் இடமில்லை என்ற ஒரு வரிதான். மத்தேயு சுவிசேஷத்தில் குழந்தையைப் பார்க்க வருகிற ஞானிகள் மூன்று பேர் என்றுகூட எழுதியிருக்கவில்லை, காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டார்கள். 1223-ல் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது நிஜ மாட்டையும் நிஜக் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார் என்று அவனுக்குச் சொன்னேன். "அப்ப அவரும் கதையில சேர்த்துக்கிட்டாரா?" என்றான். ஆமாம், அவருக்கும் முன்னாலிருந்தே ஆட்கள் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், இப்போது நாமும் ஒரு ஆந்தையைச் சேர்த்திருக்கிறோம் என்றதும் சமாதானமாகிவிட்டான்.

சின்னவளுக்கு வேறு கவலை. "முன்னணைன்னா என்னம்மா?" மாடு தீவனம் தின்கிற தொட்டி. "அப்ப மாடு எதுல சாப்பிடும்?" இரண்டு ராத்திரி இதே கேள்விதான். மூன்றாம் ராத்திரி அவளே பதில் கண்டுபிடித்தாள், மாடு அன்றைக்குச் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டதாம். அதுவும் கதையில் சேர்ந்தாயிற்று.

இதில் ஒரு சங்கடம், கதை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் ஒரு ராத்திரிகூடக் கழுதை ஊர் போய்ச் சேரவில்லை. ஆந்தையைத் தாண்டுவதற்குள் இவள் தூங்கிவிடுகிறாள். நேற்று ஆந்தை "வரலை" என்று சொன்ன பிறகு இருட்டில் பெரியவன் குரல் மட்டும் கேட்டது, "அம்மா, நீ மெதுவா சொல்லு, நான் முழிச்சிருந்து கேட்கிறேன்." கழுதை இன்னும் பத்தடி நடந்திருக்கும், அவனிடமிருந்தும் சத்தம் இல்லை.