சொந்தக் காசுல மிருகம் எண்ணப் போனவரு

அமெரிக்காவுல கலிஃபோர்னியால இருக்கிற யோசெமிட்டி நேஷனல் பார்க்குன்னாலே எல்லாரும், அதைக் காப்பாத்தப் போராடின ஜான் மியூர் பத்தித்தான் பேசுறாங்க, எனக்கு என்னவோ ஜார்ஜ் மெலண்டெஸ் ரைட்டைத்தான் ரொம்பப் பிடிக்கும். 1904ல சான் பிரான்சிஸ்கோல பொறந்தவரு, அம்மா எல் சால்வடார்க்காரங்க, சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க, ஆனா பணத்துக்குக் குறைச்சல் இல்ல. 1926ல, படிக்கிற வயசுல, அலாஸ்கா மலைல சர்ஃப்பேர்டுங்கிற கடற்கரைப் பறவையோட கூட்டைக் கண்டுபிடிச்சாரு, அதுவரைக்கும் அந்தப் பறவை எங்க முட்டை போடுதுன்னே யாருக்கும் தெரியாது.

1927ல யோசெமிட்டில உதவி நேச்சுரலிஸ்ட், அதாவது அங்க இருக்கிற இயற்கையப் பத்தி ஜனங்களுக்குச் சொல்ற வேலை. அப்போ பார்க்குல நடந்த கூத்தக் கேட்டா சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். ராத்திரில லைட்டப் போட்டு, கரடிக்குக் குப்பையக் கொட்டி, டூரிஸ்ட்டுங்க உக்காந்து ஷோ பாப்பாங்க. யெல்லோஸ்டோன்ங்கிற இன்னொரு பார்க்குல டிரவுட் மீனத் தின்னுதுன்னு கூழைக்கடாவக் கொன்னாங்க, கடைசி ஓநாய்ங்களையும் 1926ல சுட்டுட்டாங்க. மான் நல்லது, மானத் தின்றது கெட்டது, அவ்வளவுதான் அன்னைக்கு கணக்கு!

ரைட் போய், எந்த மிருகம் எந்த நிலைமைல இருக்குன்னு எல்லா பார்க்குலயும் சர்வே எடுப்போம்னு கேட்டாரு, இந்த பார்க்கையெல்லாம் நடத்துற அரசாங்க அமைப்பான பார்க் சர்வீஸ் கிட்ட அதுக்குப் பணம் இல்ல, அப்போ செலவு என்னோடதுன்னுட்டாரு, கூட வந்த ஜோசப் டிக்சன், பென் தாம்ப்சன் சம்பளம் உட்பட. 1930ல கிளம்பி ஊர் ஊரா சுத்தினாங்க. 1933ல ரிப்போர்ட் வந்துச்சு. வேட்டையாடுற மிருகத்துக்கும் பார்க்குல இடம் உண்டு, ரொம்ப அவசியம்னா ஒழிய எதுலயும் கை வைக்காதீங்கன்னு எழுதியிருந்தாங்க. எனக்கு முக்கியமா படுறது வேற ஒண்ணு. பார்க் எல்லைய மலை அழக வச்சுப் போட்டுட்டோம், குளிர் காலத்துல பனி கொட்டினா மானெல்லாம் கீழ இறங்கி எல்லையத் தாண்டிருது, அங்க துப்பாக்கி காத்துட்டிருக்குன்னாங்க. இப்ப கேட்டா இது கூடவா தெரியாதுன்னு தோணும், ஆனா அன்னைக்கு இவங்க அதை உக்காந்து எழுதி வச்சாங்க.

அதே வருஷம் பார்க் சர்வீஸ்ல வைல்ட்லைஃப் டிவிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, இவரத்தான் முதல் தலைவரா போட்டாங்க.

1936 பிப்ரவரி, டெக்ஸாஸ்ல இருக்கிற பிக் பெண்ட்ங்கிற இடத்தப் பாத்துட்டுத் திரும்பும்போது நியூ மெக்சிகோல டெமிங் பக்கத்துல எதிர்ல வந்த கார் டயர் வெடிச்சு இவங்க கார் மேல மோதிருச்சு. ரைட்டும், கூட இருந்த யெல்லோஸ்டோன் பார்க்கோட தலைமை அதிகாரி ரோஜர் டோலும் போயிட்டாங்க. ரைட்டுக்கு 31 வயசுதான், ரெண்டு சின்னப் பொண்ணுங்க. அவரு சேத்து வச்ச பயாலஜிஸ்ட்டுங்க கொஞ்ச வருஷத்துலயே பாதிக்கும் கீழ கொறைஞ்சுட்டாங்க. யெல்லோஸ்டோன்ல கரடிங்க மேஞ்ச குப்பைக் குழிய முழுசா மூட 1970 ஆச்சு, ஓநாயத் திரும்பக் கொண்டு வந்து விட 1995.