திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு ஒரு நாள்: வண்டியை மீனம்பாக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம்

தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை பார்க்க பாரிமுனை, புடவை எடுக்க தி.நகர். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு இரவே திண்டிவனம் திரும்ப வேண்டும். அம்மா, சித்தி, மாமா, தங்கை, நான் என்று ஐந்து பேர். சித்திக்கு மூட்டுவலி, படி ஏறி இறங்க முடியாது. பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாற வேண்டும், திரும்பும்போது கை நிறையப் பைகள் வேறு. அதனால் கார்தான் என்று முடிவாயிற்று. எதுவரை கார் என்பதில்தான் வீட்டில் பேச்சு ஓடியது.

தி.நகர் வரை ஓட்டிப் போய் கடை பார்க்கிங்கிலேயே விட்டுவிடலாம் என்றார் மாமா. போன வருடம் பெரியப்பா மகன் அப்படித்தான் ஒரு ஜவுளிக்கடை வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். புடவை எடுக்க ஆன நேரத்தில் பாதி, வண்டி திரும்பி வரக் காத்திருந்ததில் போனது. மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் பாண்டி பஜார் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதுவரை போய்ச் சேருவதும், சாயங்காலம் அங்கிருந்து ஊருக்குத் திரும்பும் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிப்பதும்தானே பாடு! தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை, இந்தப் பக்கம் சிக்னல். அதில் எவ்வளவு குறைவாக ஓட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி.

போகும்போது கை வீசிக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் போய்விடலாம். சுமை சேருவது திரும்பும்போதுதான். அதனால் நான் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டேன். புடவைப் பைகளோடு தி.நகரிலிருந்து எப்படிக் கிளம்புவது என்பதை முதலில் முடிவு செய்தேன். தி.நகர் நடுவுக்கு இன்னும் மெட்ரோ வரவில்லை. பனகல் பார்க் நிலையம் இரண்டாம் கட்டத்தில்தான். பக்கத்தில் இருப்பது நந்தனம். அங்கே ஏறினால் நீல வழித்தடத்தில் எங்கேயும் மாறாமல் மீனம்பாக்கம். மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் உண்டு, சித்திக்குப் பிரச்சினை இல்லை. ஆகவே வண்டிக்கு இடம் மீனம்பாக்கம் மெட்ரோ பார்க்கிங். அதுவும் ஜி.எஸ்.டி. சாலை மேலேயே இருக்கிறது.

நாள் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அம்மா சம்மதித்தார். என் காரணம் வேறு: ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் பாதிக் கடை பூட்டியிருக்கும், மின்சார ரயிலும் குறைவாக ஓடும். வேலை நாளில் வேறொரு தொல்லை உண்டு. ஆபீஸ் போகிறவர்கள் காலையிலேயே பார்க்கிங்கை நிரப்பிவிடுவார்கள். அதற்காக நாலரைக்கே கிளம்பினோம். ஆத்தூர், பரனூர் இரண்டு சுங்கச்சாவடியும் காலியாக இருந்தன. கூடுவாஞ்சேரியில் இட்லி. ஏழரை மணிக்குள் வண்டியை நிறுத்தியாயிற்று. பார்க்கிங்குக்கும் மெட்ரோவுக்கும் 'சிங்கார சென்னை' அட்டை ஒன்றை முன்பே வாங்கிப் பணம் போட்டு வைத்திருந்தேன். மாநகரப் பேருந்திலும் அது செல்லும் என்பதால் எங்களைப் போல அடிக்கடி போகாதவர்களுக்கும் வீண் இல்லை. மற்றவர்களுக்கு மொபைலில் க்யூஆர் டிக்கெட். அட்டையிலும் க்யூஆரிலும் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி.

உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டுக் கடை திறக்கும் நேரத்துக்குப் பத்திரிகைக் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தோம். அந்தத் தெருவில் காரைக் கொண்டுபோக நினைப்பவரை நினைத்தாலே பாவமாக இருக்கிறது. பேப்பர் கட்டு ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று வந்தால் நடப்பவர்களே கடைப் படியில் ஏறி ஒதுங்க வேண்டும். கடைக்குள் ஆல்பம் ஆல்பமாக மாதிரிகள். தங்கை பளபளப்பாக ஒன்றை எடுத்தாள். சித்தி அதை வாங்கி ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துப் பார்த்து, "இதுல மஞ்சள் ஒட்டாதுடி, வழிஞ்சிடும்" என்று தள்ளி வைத்துவிட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே லேமினேஷன் இல்லாத அட்டைகளை எடுத்துப் போட்டார். அதற்கப்புறம் வேலை வேகமாக முடிந்தது. முன்பணம் கொடுத்து, அச்சானதும் பார்சல் சர்வீஸில் ஊருக்கே போட்டுவிடச் சொன்னோம். பத்திரிகைக் கட்டு எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அங்கிருந்து கடற்கரை நிலையத்துக்கு ஆட்டோ. இங்கே மட்டும் மெட்ரோவை விட்டு மின்சார ரயிலுக்கு மாறினோம், அது நேராக மாம்பலம் போகும் என்பதால். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. இன்றைக்கும் மலிவான பயணம்தான், மாம்பலம் வரை 5 ரூபாய். ரயில் கிளம்பும் இடமே கடற்கரை என்பதால் மதிய நேரத்தில் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பராக்குப் பார்த்து ஏசி ரயிலில் மட்டும் ஏறிவிடக் கூடாது, அதற்கு டிக்கெட் தனி. மாம்பலத்தில் 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் போகிறது. அம்மாவும் தங்கையும் நானும் அதில் நடந்தோம், ரங்கநாதன் தெரு நெரிசல் கீழேயே நின்றுவிட்டது. சித்தியை மாமா ஸ்டேஷன் வாசலிலிருந்தே ஆட்டோவில் கடைக்கு அழைத்துப் போனார்.

புடவை எடுத்த கதை இங்கே வேண்டாம், அது முடிய ஆறரை ஆனது. அந்த நேரத்துத் தாம்பரம் ரயிலில் பைகளோடு ஏறுவது நடக்காது. முன்பே நினைத்தபடி இரண்டு ஆட்டோவில் நந்தனம், அங்கிருந்து மெட்ரோ. கூட்டம் இருந்தது, ஆனாலும் ஒரு பையன் எழுந்து சித்திக்கு இடம் கொடுத்தான். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பைகளை டிக்கியில் அடுக்கிக் கிளம்பும்போது மணி எட்டு. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை நகர்ந்து நகர்ந்துதான் போனோம். அதற்கு மாற்று வழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் திரும்பியதால் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் பாதிக் கட்டணம்தான் எடுத்தது.

பத்திரிகைகள் அடுத்த வாரம் திண்டிவனம் பார்சல் ஆபீஸுக்கே வந்து சேர்ந்தன. மாமா ஸ்கூட்டரில் போய் எடுத்து வந்தார்.