கோவில்பட்டியில் விரிசல் விட்ட வீட்டை வாங்கிய கதை

2023 ஆகஸ்டில் அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் மூக்கில் ஏறியது புது பெயிண்ட் வாசனை. பன்னிரண்டு வருஷத்து வீடு, இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வெளிச்சுவரெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்க, ஹாலுக்கும் பின்பக்கச் சமையலறைக்கும் மட்டும் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருந்தார்கள். நாலரை சென்ட், கிழக்குப் பார்த்த வாசல், நல்ல தண்ணீர். கேட்ட விலை 42 லட்சம். அதே தெருவில் அதே அளவு வீடு அந்த வருஷம் 47-க்குப் போயிருந்தது. ஐந்து லட்சத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், எனக்கு ஆசை வந்துவிட்டது.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். சமையலறைக் கதவைச் சாத்தப் பார்த்தவள், "ஏங்க, இந்தக் கதவோட அடியை இழைச்சிருக்காங்க பாருங்க" என்றாள். இழைத்தும் கதவு சரியாகச் சாத்தவில்லை. மேலே ஒரு பக்கம் நிலையோடு ஒட்டியும், மறுபக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவு இடைவெளியுமாக நின்றது. நிலை கோணலாகிவிட்டது, அதற்காகக் கதவின் அடியைச் சீவியிருக்கிறார்கள்.

புரோக்கர் அசரவில்லை. "அண்ணாச்சி, கரிசல்ல கட்டுன வீடு எதுல கீறல் இல்ல சொல்லுங்க?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் இந்த மண்ணில் பிறந்தவன். சித்திரை, வைகாசியில் காட்டில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வெடிப்புக்குள் சின்ன வயசில் குச்சியை விட்டு ஆழம் பார்த்திருக்கிறோம். ஐப்பசி மழையில் அதே நிலம் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண். வீட்டுக்கு அப்படியில்லை. வருஷா வருஷம் ஊதிச் சுருங்குகிற ஒன்றின் மேல் சுவரை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் 'எல்லா வீட்டிலும் உண்டு' என்பதை நம்பி 42 லட்சம் கொடுக்க முடியாதே.

நண்பனின் அண்ணன் சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிற இன்ஜினியர். 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அரை நாள் எனக்காக ஒதுக்கினார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான். ஒரு டார்ச், தூக்குக்குண்டு, தண்ணீர் ஊற்றிய டியூப் மட்டம் இவ்வளவுதான் கொண்டுவந்தார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தார். நேராகப் பார்த்தால் வழவழவென்று இருந்த சுவரில், பட்டி பூசி மறைத்த கீறல்கள் தழும்பு மாதிரி எழுந்து நின்றன.

ஹாலில் மேல்தளத்துக்குக் கீழே படுக்கையாக ஓடிய ஒரு நீளக் கீறல்தான் என்னைப் பயமுறுத்தியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வெயிலுக்கு காங்கிரீட் விரிஞ்சு சுருங்குறது தம்பி, அஸ்திவாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறியவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹாலில் இருந்தவை மயிரிழை மாதிரி. சமையலறை வெளிமூலையில் இருந்த ஒன்று படிக்கட்டுபோல ஏறியது. கீழே ஒல்லி, மேலே ஒரு ரூபாய்க் காசு தாராளமாக நுழைந்தது. மேலே அகலமாக இருந்தால் அந்த மூலை கீழே இறங்கி, வெளியே சாய்கிறது என்று அர்த்தமாம். டியூப் மட்டம் அதையே சொன்னது. முன்பக்க அறைகளின் தரை அரை அங்குல வித்தியாசத்துக்குள் இருந்தது. சமையலறை மூலை மட்டும் ஒன்றே முக்கால் அங்குலம் பள்ளம்.

வீட்டுக்காரர் சென்னையில் மகளோடு இருந்தார். போனில் பேசி, சுவரோரம் இரண்டு இடத்தில் குழி தோண்ட அனுமதி கேட்டேன். "தோண்டிக்கோங்க தம்பி, மூடிடணும்" என்றார். இதற்கு முன்பு இரண்டு பார்ட்டி பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நழுவியிருந்ததால் அவரும் அலுத்துப்போயிருந்தார்.

வீட்டின் கதை அந்தக் குழிகளில்தான் இருந்தது. முன்பக்கம் ஆறடி தோண்டினோம். மண் காய்ந்து, கடப்பாரைக்குக் கட்டி கட்டியாக உடைந்தது. காங்கிரீட் தூண், அதன் அடியில் அகலமான பீடமாக ஃபுட்டிங், தூண்களைச் சேர்த்து காங்கிரீட் பெல்ட், சுற்றிலும் சரள் போட்டு நிரப்பியது என்று ஓரளவு ஒழுங்காகச் செய்திருந்தார்கள். பின்பக்கம் இரண்டரை அடியிலேயே கருங்கல் கட்டு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே நேரே கரிசல். அதாவது, சமையலறை வீட்டோடு சேர்த்துக் கட்டியது இல்லை. பின்னால் எப்போதோ ஒட்டுக்கட்டாகச் சேர்த்திருக்கிறார்கள். அது மட்டுமா, ஊரெல்லாம் மண் காய்ந்து கிடந்த அந்த செப்டம்பரில் இந்தக் குழியில் மட்டும் மண் மம்மட்டியில் அல்வா மாதிரி ஒட்டியது. ஒரு நாற்றமும் வந்தது. கொத்தனார் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் தண்ணி சார்" என்றார். கழிவுநீர்த் தொட்டியான சேம்பரில் குழாய் சேரும் இடம் விட்டுப்போய், வீட்டில் ஆள் இருந்த காலமெல்லாம் தண்ணீர் அந்த மூலைக்குள்ளேயே இறங்கி மண்ணைக் குழைத்திருக்கிறது. இப்போதும் செப்டிக் டேங்கிலிருந்து கசிந்தது.

அந்த மண்ணில் ஒரு பை எடுத்து, இன்ஜினியரிங் காலேஜில் சிவில் படிக்கும் அக்கா மகளிடம் கொடுத்தேன். சோதனை ரொம்ப எளிமையானது. மண்ணைக் காயவைத்துச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாயில் போட்டு, ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் குணம். மறுநாள் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. மண்ணெண்ணெயில் 11 மில்லி, தண்ணீரில் 21. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 91 சதவீதம் உப்புகிறது. 50-ஐத் தாண்டினாலே சின்ன வீடுகளுக்குத் தொந்தரவுதானாம். "மாமா, இது சேட்டை பிடிச்ச மண்ணு" என்று கீழே எழுதியிருந்தாள்.

இதற்கிடையில் வங்கிக் கடனுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா எல்லாம் சுத்தம். வங்கி வழக்கறிஞர் ஒப்புதல் எழுதிவிட்டார். மதிப்பீட்டாளர் வந்து பத்து நிமிஷம் நின்றார். நீளம் அகலம் அளந்து, நாலு போட்டோ எடுத்து, 41 லட்சம் பெறும் என்று அறிக்கை கொடுத்தார். சமையலறை மூலையில் அவர் நிற்கவே இல்லை. வங்கிக்கு அவர்கள் போடும் பணம் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி, நான் அங்கே இருபது வருஷம் நிம்மதியாகத் தூங்குவேனா என்பது இல்லை. வங்கி கடன் கொடுக்கிறது என்றால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என அதுவரை நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

வாங்கிய பிறகு ஏதாவது ஆனால் விற்றவரைப் பிடிக்க முடியுமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். "நீங்கதான் குழியே தோண்டிப் பார்த்துட்டீங்களே, இனிமே தெரியாதுன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று சிரித்தார். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருஷப் பொறுப்பு உண்டு, ஆனால் அது வீடு கட்டி விற்கிற புரமோட்டருக்கு. காப்பீட்டையும் விசாரித்தேன். நிலம் இறங்கினால் இழப்பீடு உண்டு என்று இருக்கிறது. அதே பாலிசியில் நாலு வரி தள்ளி, வேலையில் உள்ள குறையால் வந்தால் கிடையாது என்றும் இருக்கிறது. இரண்டரை அடி அஸ்திவாரத்தை வேறு என்னவென்று சொல்வது?

ஆக, வாங்கினால் முழுப் பாரமும் என் தலையில்தான். அப்படியானால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கீறல்கள் பழசா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? "மழைக்காலம் முடியட்டும் தம்பி" என்றார் இன்ஜினியர். லேப் சாமான் கடையில் நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடி ஸ்லைடு ஒரு பெட்டி வாங்கினோம். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, கீறலுக்குக் குறுக்கே அரால்டைட் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினோம். முன்பக்கம் நாலு, சமையலறையில் இரண்டு. சுவர் அசைந்தால் ஸ்லைடு உடையும். வீட்டுக்காரருக்கு 25,000 டோக்கன் கொடுத்து, பொங்கலுக்கு முன் நான் முடிவு சொல்வதாகவும், வேண்டாமென்றால் அவர் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் இரண்டாவது வாரத்திலேயே சமையலறை மூலை ஸ்லைடு இரண்டாகப் போய்விட்டது. அப்புறம் வந்தது டிசம்பர் 17. அந்த ஞாயிறும் மறுநாளும் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியிலும் கொட்டித் தீர்த்தது, கண்மாய்கள் நிரம்பி வழிந்தன. ஊரே தண்ணீரில் கிடக்க, நான் வாங்காத வீட்டின் ஸ்லைடை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டேன். வெளியில் சொன்னால் அடிப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். சமையலறையின் இரண்டாவது ஸ்லைடும் உடைந்திருந்தது, கதவு இப்போது திறக்கவே இல்லை. முன்பக்கத்து நாலும் முழுசாக இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு கோடு இல்லை.

வீட்டில் வாக்குவாதம் இரண்டு வாரம் ஓடியது. மனைவிக்கு இஷ்டம் இல்லை. "வாடகை வீட்டுல நிம்மதியா தூங்குறோம், காசு கொடுத்துக் கவலையை வாங்கணுமா?" அவள் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. கரிசலில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரை மண் ஊதிச் சுருங்கும். முன்பக்க அஸ்திவாரமே ஆறடிதான். ஒரு மழைக்காலம் தாங்கியது பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் ஆகாது. மாடி எழுப்பும் ஆசையை மறந்துவிட வேண்டும் என்று இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு நாங்கள் விற்கப் போனாலும் இதே கதையைத்தான் அடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும்.

மறுபக்கம் கணக்கு இருந்தது. சமையலறையை இடித்து ஒழுங்காகக் கட்ட, கழிவுக் குழாய் முழுவதும் மாற்ற, வீட்டைச் சுற்றி மூன்றடிக்கு வெளிவாட்டமாக பிளாட்பாரம் போட, மழைநீரைச் சுவரோரம் விழவிடாமல் குழாயில் தெருப்பக்கம் கொண்டுபோக எல்லாம் சேர்த்து 5.25 லட்சம் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். அதை விலையில் கழித்தால் போதாது, தெரியாமல் கிளம்புகிறதுக்கும் கழிக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். உடைந்த இரண்டு ஸ்லைடின் படத்தையும் மட்டக் கணக்கையும் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். நான் 34 கேட்டேன், அவர் 37-இல் நின்றார், கடைசியில் 35.5-இல் முடிந்தது.

விலை குறைந்தால் எல்லாம் சுலபம் என்று நினைக்கலாம். இல்லை. எனக்கு வங்கி 80 சதவீதம்தான் தந்தது, அது 28.4 லட்சம். மிச்சம் 7.1, பத்திரப் பதிவுக்கு 9 சதவீதம் என்று 3.2 லட்சம், ரிப்பேருக்கு 5.25. ரிப்பேர்ச் செலவுக்கு எனக்குக் கிடைத்த வீட்டுக்கடனில் இடமில்லை. ஆக, கையிலிருந்து பதினைந்தரை லட்சம். நல்ல வீட்டை 47-க்கு வாங்கியிருந்தால்கூடக் கையிலிருந்து போடுவது பதிமூன்றே முக்காலுக்கு மேல் போயிருக்காது. மனைவியின் நகை அடகுக்குப் போனது. இதை அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

2024 ஏப்ரலில் சமையலறையை இடித்தோம். புதிதாக ஆறு பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் காங்கிரீட் தூண், ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி ஆழம், அடியில் குடம் மாதிரி அகலப்படுத்தி காங்கிரீட் போட்டது. அதன் மேல் ஓடும் பெல்ட்டை மண்ணில் படாமல் மூன்று அங்குலம் இடைவெளி விட்டுப் போட்டார்கள், மண் உப்பினால் அந்த இடத்தில் உப்பிக்கொள்ளட்டும் என்று. பக்கத்து மனையில் சுவரை ஒட்டி ஒரு பெரிய வேம்பு. அவர்களிடம் பேசி வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு இன்ஜினியர் கூடாது என்றார். இத்தனை வருஷம் அது உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, மண் உப்பிவிடுமாம். வேம்பு பிழைத்தது. செலவு 5.9 லட்சத்தில் வந்து நின்றது.

குடியேறியும் முன்பக்கத்து நாலு ஸ்லைடை எடுக்கவில்லை. ஹாலில் இருக்கும் இரண்டையும் தினசரிக் காலண்டரும் கடிகாரமும் மறைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வருஷ டிசம்பரில் ஒரு மாலை வேலை முடிந்து வந்து பார்த்தால், காலண்டர் கீழே கிடக்கிறது, அதன் பின்னால் இருந்த ஸ்லைடு உடைந்திருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டியூப் மட்டத்தைத் தேடி எடுத்துத் தரையெல்லாம் பிடித்துப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மகன் மெதுவாக வந்து, பந்து பட்டுவிட்டது என்றான். திட்டுக்குப் பயந்து சொல்லாமல் இருந்தானா, நான் பதறியதைப் பார்த்து எனக்காகச் சொல்கிறானா என்று அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த ஸ்லைடு ஒன்றை எடுத்து ஒட்டி, பக்கத்தில் புதுத் தேதியை எழுதினேன். பந்தைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.