கோடையில் பிலிம் கழுவும்போது

மதுரையில் ஒரு ஸ்டூடியோவின் டார்க் ரூமில் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவியவன் என்பதால், வீட்டில் கழுவத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் தங்கள் நெகட்டிவ்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலை 20 டிகிரிக்குக் குளிரவைத்து, நிமிடக் கணக்குத் தவறாமல் கழுவியிருப்பார்கள். பிலிம் கெட்டிருப்பது அதற்குப் பிறகு, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்த் தண்ணீரில்.

எமல்ஷன் என்பது பிலிமின் மேல் பூசியிருக்கும், வெள்ளி உப்புத் துகள்கள் பொதிந்த மெல்லிய ஜெலட்டின் படலம். காரத்தன்மையுள்ள டெவலப்பரில் அது நீரை உறிஞ்சி, உப்பி, இளகிவிடுகிறது. அந்த நிலையில் சித்திரை வெயிலில் சூடேறிய தண்ணீரைத் திடீரென்று ஊற்றினால், படலம் சீராக விரிய இயலாமல் நுண்ணிய மடிப்புகளாகச் சுருங்கிப்போகும். லூப் என்னும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், படத்திலுள்ள முகத்தின் மேல் வறண்ட கண்மாய்த் தரையின் வெடிப்புகள் போல வலைப்பின்னல் தெரியும். அதை நேராக்க வழியே கிடையாது. இன்றைய பிலிம்கள் தயாரிப்பிலேயே கடினமாக்கப்பட்டு வருவதால் பழையவற்றைப் போல எளிதில் சுருங்குவதில்லை என்றாலும், இளகிய படலத்தில் நகம் பட்டால் கீறல் நிச்சயம்.

ஆகவே 20 டிகிரியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதைவிட, டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசல், அலசும் தண்ணீர் அனைத்தையும் 24 டிகிரியில் ஒன்றுபோல வைப்பதே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதற்கேற்பக் குறையும் டெவலப்பர் நேரத்தை அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரக்கூடுமாதலால், டி-76 போன்ற டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போட்டால் அது நீர்த்துவிடும். பாட்டில்களைச் சுற்றியுள்ள வாளித் தண்ணீரில்தான் போட வேண்டும். ஹைப்போ உப்பு கரையும்போது கரைசல் சில்லென்று ஆகிவிடும் என்பதால், அதை முந்தின நாளே கரைத்து வைப்பது நல்லது.

ஸ்டூடியோவில் படலம் இறுகுவதற்காக ஹைப்போவில் படிகாரம் சேர்ப்போம். அப்படிச் சேர்த்தால் அலசும் நேரம் நீளும். படிகாரம் சேர்க்காத ஹைப்போவுக்கு பிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் முறை மிக எளியது: பிலிம் சுருள் இருக்கும் டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 முறையும், மீண்டும் புதுத் தண்ணீரில் 20 முறையும் அவ்வாறே செய்ய வேண்டும். ஒரு 35 மி.மீ. சுருளுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் போதும் என்பதால், அதையும் அதே வாளியில் வைத்துவிடலாம். குழாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

உலர்த்தும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, பிலிமின் கீழ் முனையில் கனமான கிளிப்பை மாட்டி, முழுவதும் காயும்வரை விரலால் வழிக்காமல் தொங்கவிட வேண்டும்.