பிரசங்கத்துக்கு முன்னால் சம்பளச் சீட்டு

இலங்கையின் தேயிலைத் தோட்டத்துச் சபைகளில் நீதியைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. யாக்கோபு 5:4ஐ எடுத்து, பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சத்தமாகவே வாசிக்கிறோம். ஆராதனை முடிந்ததும் தோட்ட முகாமையாளரான துரை வந்து கைகொடுத்து, "நல்ல பிரசங்கம் ஐயா" என்கிறார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை என்றால், பிரசங்கத்தில் கணக்கு இல்லை என்று அர்த்தம்.

கணக்கு செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவு-சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே உபதேசியாரோ சபையின் சமூகப் பணியாளரோ முதலில் பழக வேண்டியது சம்பளச் சீட்டை வாசிக்க. முழுப் பேர் (முழு நாள் கூலி) எத்தனை, அரைப் பேர் (அரை நாள் கூலி) எத்தனை, என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஒருவருடைய சீட்டு போதாது. "கிளாக்கர் பிழை" என்று முடித்துவிடுவார்கள், சீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார். ஐந்தாறு பேருடைய மூன்று மாதச் சீட்டுகளும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர்களே குறித்துவைத்த கிலோக் கணக்கும் வேண்டும்.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பார்கள். நிறுவைக்கு 2 கிலோ, நாளுக்கு மூன்று நிறுவை என்றால் 6 கிலோ போய்விடும். நாளுக்கு 18 கிலோ கேட்கிற மலையில் அது மூன்றில் ஒரு பங்கு. மீதிக் கொழுந்து அளவுக்குக் குறைந்தால் அரைப் பேர்தான் விழும். இதைத் துண்டுக் கடதாசியில் கூட்டிக் காட்டினால் அரை மணிப் பிரசங்கம் தேவைப்படாது.

தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியும் அப்படித்தான். நாட்சம்பளம் 1,350 ரூபா என்றால் தோட்டம் தன் பங்காக 12 வீதம், 162 ரூபா கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 40.50. கட்டியிருக்கிறார்களா என்று தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயரும் செக்ரோலில் இன்னொரு பெயரும் இருந்தால் காசு கையில் வர இழுபடும். அந்த இடத்தில் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு துணை ஆவணமாகப் பயன்படும். அலுமாரியில் கறையான் அரிக்க விட்டுவிட்டு நீதியைப் பேசுவதில் பொருளில்லை.

அவசரப்பட்டாலும் வாய் சுட்டுவிடும். 2024 மே தினத்தையொட்டி நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் அந்த வருடம் 1,350இல் வந்து நின்றது. மேடை அறிவிப்பை நம்பி ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பதற்கு முன் வர்த்தமானியை வாசிக்க வேண்டும்.

அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ நீட்டுகிறவர்கள் எப்போதும் உண்டு. குறைந்தபட்சச் சம்பளமும் அரசாங்கத்தின் சட்டந்தானே? அதைக் கொடு என்று கேட்பதும் கீழ்ப்படிதல்தான். வாய் அடைபடுவதற்கு உண்மையான காரணம் வேதத்தில் இல்லை. ஆலயம் தோட்டத்து நிலத்தில் நிற்கிறது, திருவிழாவுக்கு லொறி துரை தருகிறார். அதனால் தோட்டத்துக்கு எழுதும் கடிதத்தில் உபதேசியார் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது. சபைக் குழு முழுதும் போட வேண்டும், பிரதி குருமுதல்வருக்கோ பேராயருக்கோ போக வேண்டும்.

தேர்தல் காலத்தில் இன்னும் கவனம் தேவை. வழிபாட்டுக் கூட்டத்தில் வாக்கைத் திருப்பப் பேசுவதைப் பாராளுமன்றத் தேர்தல் சட்டம் தகாத செல்வாக்கு என்கிறது. பிரச்சினையைச் சொல்லலாம், சின்னத்தைச் சொல்லக் கூடாது. தலைவர்மாருக்குப் பலிபீடத்தின் முன் மாலை போடுவதும் சின்னத்தைச் சொல்வது மாதிரித்தான்.

அரச அலுவலகம் பதில் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும். "ஏன் வீடு தரவில்லை" என்றால் சுற்றிவளைத்த பதில் வரும். "இந்த டிவிஷனில் மண்சரிவு அபாயம் என்று குறித்த லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எவை, அறிக்கையின் திகதி என்ன" என்று கேட்டால் கடதாசி வரும்.

மண்சரிவு விஷயத்தில் மௌனம் உயிரைக் குடிக்கும். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு லயங்களை மூடியது; அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். சனங்கள் போக மாற்றுக் காணி இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு எளிது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். ஆலய முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, ஞாயிறு அறிவிப்பில் திருமண ஓலைக்கு முன் அந்த வார மழையை வாசிக்கலாம். அதோடு, இந்த லயத்துச் சனம் ராவோடு ராவாக எங்கே போவது என்று குழுவின் பெயரில் தோட்டத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதிய கடிதத்தின் திகதியையும், பதில் வந்ததா இல்லையா என்பதையும்.